கருவியும் கையும்

புளத்கொகுபிட்டியத் தோட்டத்து லயமொன்றில் வளர்ந்தவன் நான். அங்கு ஒரே கைத்தொலைபேசியைப் பலரும் எடுத்தாள்வர். 2016 ஆகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்தை ஊடுருவிய சந்தேகத்தில் 17 வயது மாணவனொருவன் கைதான செய்தியை எண்ணுந்தோறும் எமது லயமே என் நினைவில் எழும். இணைய முகவரி கருவியைச் சுட்டலாம். அதனை இயக்கிய கையைச் சுட்டாது.

2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம், புலனாய்வில் பொலிசாருக்குத் துணைநிற்க நிபுணர்களை நியமிக்க வழிசெய்கின்றது. குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்கு, 1978இன் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை அளிக்கலாம். ஆயின் நிபுணரின் கூற்றை ஆராய்ந்து மறுக்க இன்னொரு நிபுணர் வேண்டாமா? குற்றம் எண்பிக்கப்படும்வரை எவரும் நிரபராதியே என்கின்றது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. அத்துணை ஏழைக்கும் கிட்டும்போதே அவ்வாக்கு எமது லயத்து வாசலை எட்டும்.