செய்முறைத் தேர்வும் உளுந்தஞ்சோறும்

"வாத்தியார் வேலையில் ஊர் சுற்ற ஏது சார் வாய்ப்பு?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்டு தம்பி. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளர், விடைத்தாள் திருத்தும் முகாம், நடுநடுவே தேர்தல் பணி. இயற்பியல் ஆசிரியனாக இருந்த காலத்தில் தெற்குச் சீமையில் நான் பார்த்த ஊர்களில் பாதி இந்த ஆணைகள் கொண்டுபோய் விட்டவைதான். பயணப்படி கைக்கு வர மாதக்கணக்காகும், அது தனிக்கதை.

செய்முறைத் தேர்வில் ஒரு சங்கடம் உண்டு. போகிற பள்ளியிலேயே மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்துவிடுவார்கள். பல இடங்களில் அது வெறும் அன்பு. சில இடங்களில் அன்போடு ஒரு கோரிக்கையும் சேர்ந்து வரும். ஒரு பள்ளியில் (ஊர் பேர் வேண்டாம்) பிரியாணிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்த்துப் போடுங்க சார்" என்றார்கள். மின்சுற்றை இணைக்கத் தெரியாமல் ஒரு பையன் முழித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கும் முழு மார்க் வேண்டுமாம். பக்கத்து மேசையில் ஒரு பிள்ளை ஒவ்வொரு அளவையும் மூன்று தடவை எடுத்துச் சரிபார்த்து எழுதுகிறாள். அவள் உழைப்புக்கு அப்புறம் என்ன மதிப்பு?

உண்ட வீட்டுக்கு இரண்டகம் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் உண்ணாமல் இருப்பதே நல்லது என்று வைத்துக்கொண்டேன். "வெளியே கொஞ்சம் நடந்துட்டு வாரேன் சார்" என்று கிளம்பிவிடுவேன். சிலருக்கு முகம் சுண்டும். இந்த மனுஷனை அடுத்த வருஷம் அனுப்பாதீங்க என்று ஓர் இடத்திலிருந்து சொல்லிவிட்டதாகவும் கேள்வி. சொல்லட்டும்.

அப்படி வெளியே நடந்ததில் கிடைத்தவை எத்தனையோ. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா (இரண்டுக்கு மேல் எனக்கு ஓடாது), சாத்தூர்க் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் முகாம் ஆசிரியர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கொடுத்துவிட்டோம்!

ஆனால் மனசில் நிற்பது கழுகுமலைதான். கோவில்பட்டிப் பக்கம் தேர்வு. ஒருநாள் காலையிலேயே வேலை முடிந்தது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தானே என்று பஸ் ஏறினேன். மலையடிவாரத்துத் தெருவில் ஓர் அம்மா, திண்ணையில் பாத்திரத்தை வைத்து உளுந்தஞ்சோறு விற்றுக்கொண்டிருந்தார். தொலி எடுக்காத கறுப்பு உளுந்து, முழுப் பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த எள்ளுத் துவையல். "ஒத்த ஆளா மலைக்குப் போறீக, நல்லாச் சாப்பிட்டுப் போங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. இந்த அம்மாவுக்கு என்னிடம் ஆக வேண்டிய மார்க் ஒன்றுமில்லை என்பதால் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வெயில் தாழ மலை ஏறினேன். வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்திருக்கிறார்கள். விமானம் முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முடியாமலே நிற்கிறது. மேலே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அந்த விரல்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

இன்னும் கொஞ்சம் போனால் பாறை முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர்கள், வரிசை வரிசையாக. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது, பிறகு புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சிற்பங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அவை. அவற்றில் குரத்தியார் என்று பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள். இன்னாருடைய மாணாக்கர், இன்னாருடைய மாணாக்கி என்றும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அரசன் பேரை விடுங்கள், ஒரு டீச்சர் பேரும் அவரிடம் படித்த பிள்ளையின் பேரும் கல்லில் நிற்கிறது. எந்த வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் என் வகுப்புகளில் வருஷத்துக்கு ஒருமுறையாவது நான் சொன்னேன், இயற்பியல் பாடவேளையாக இருந்தாலும்.

போகிறவர்கள் காலையில் போங்கள், இல்லை நாலு மணிக்கு மேல் ஏறுங்கள். உச்சி வெயிலில் பாறை கொதிக்கும். கழுகுமலை நண்பர்கள் யாராவது, அந்தத் திண்ணைக் கடை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். அடுத்த மாதம் வீட்டம்மாவோடு வரலாம் என்றிருக்கிறேன்.