கடலின் பெரும்பொழுது

முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என நிலந்தோறும் பருவம் வகுத்த இலக்கண மரபு, நெய்தலை அடைந்ததும் கையை விரித்துவிடுகின்றது. மருதத்தைப் போலவே நெய்தலுக்கும் ஆறு பெரும்பொழுதுகளும் உரியன என்பது நம்பியகப்பொருள் கூறும் விதி. எல்லாப் பருவமும் உரியவெனின், தனக்கெனச் சிறப்பாக ஒன்று இல்லை என்பதே பொருள். கரையில் நின்று நோக்குவார்க்குக் கடல் என்றும் ஒரு தன்மைத்தாகவே தோன்றும். வள்ளத்திற் செல்பவன் அவ்வாறு சொல்லான். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றின் பெயர்களாலேயே அவன் ஆண்டைப் பகுத்து வைத்திருக்கின்றான். அப்பகுப்பின் நுட்பத்தைக் கடல்நீரில் மிதக்கும், வெறுங்கண்ணுக்குப் புலனாகாத தாவரங்களே எடுத்துக்காட்டுகின்றன.

தாவர மிதவையுயிர்கள் எனப்படும் இவை பெரும்பாலும் ஒற்றைக் கலத்தாலானவை. சாளையும் சூடையும் நெத்தலியும் இவற்றையோ, இவற்றைத் தின்னும் சிற்றுயிர்களையோ உண்டே வளர்கின்றன. வட அத்திலாந்திக்கில் இவை பெருகுவது இளவேனிலில். அங்கு மாரியில் ஒளிதான் பஞ்சம். எமது கடலிலோ பஞ்சம் உரத்துக்கே. நைத்திரேற்றும் பொசுபேற்றும் ஒளி புகாத ஆழத்தில் தேங்கிக் கிடக்க, வெயிலிற் சூடேறிய இலேசான மேல்நீர் அவற்றின்மீது மூடிபோற் படிந்திருக்கின்றது. மூடியைத் திறப்பது காற்று.

திறக்கும் முறைதான் விந்தையானது. புவி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் மேல்நீர் காற்றின் வழியே செல்லாது அதன் வலப்புறம் ஒதுங்கும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் எக்மன் 1905 இல் விளக்கினார். இலங்கையின் தென்கரையோரம் சோளகக் காலத்திற் காற்று கிழக்கு நோக்கி வீச, மேல்நீர் தெற்கே கரையை விட்டு அகல்கின்றது. அந்த வெறுமையை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த உரநீர் மேலெழ, தயற்றங்கள் சில நாட்களிலேயே பன்மடங்காகின்றன. தேவேந்திரமுனைக்கு அப்பால் செய்மதிப் படங்கள் காட்டும் பச்சைத் திட்டு அதுவே. கலைப்பீடத்தார்க்கு இவ்வாராய்ச்சி ஏன் எனக் கேட்பாரும் உளர். பருவத்தைப் பாட்டிலே மட்டும் கற்ற குறையை வேறெங்கு நீக்குவது?

வாடைக் காலத்தில் கதை மாறுகின்றது. கங்கை முதலிய பேராறுகளால் உப்புக் குறைந்த வங்கக் கடல்நீர் எமது கரைகளைச் சூழ்கின்றது. அந்நீர் இலேசானது, ஆதலால் மூடி மேலும் இறுகிவிடும். ஆழங் குறைந்த பாக்கு விரிகுடாவுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே காற்று அடிமண்ணையே கலக்கிவிடுகின்றது.

பெருக்கம் யாவும் நன்மையன்று. 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவின் மண்டபம் கரையோரம் நொக்டிலூக்கா என்னும் உயிரி மிகுந்து நீர் பச்சையாயிற்று. ஒட்சிசன் குன்றி மீன்கள் செத்தொதுங்கின. அதனினும் அஞ்சத்தக்கது குறைவு. மேற்கு இந்து சமுத்திரத்தில் அறுபது ஆண்டுகளில் மிதவையுயிர்கள் 20 சதவீதம் வரை குறைந்துள்ளன என 2016 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கடல் சூடேறச் சூடேற மேல்நீர் இலேசாகி, ஆழ்நீருடன் கலவாது நிற்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. ஒவ்வொரு பயணத்துக்கும் கடன்படுபவன், சோளகம் பிறந்ததென்று காற்றை நம்பியே வள்ளத்தை இறக்குகின்றான். காற்று அவனை ஏமாற்றவில்லை. நாள் தவறாமல் வந்திருக்கின்றது. அடியில் மூடி திறந்ததா என்பதை, இழுத்தெடுத்த வலையைப் பார்த்த பின்னரே அவன் அறிகின்றான்.