தள்ளுபடி லாரி

என் தாய்மாமாவிடம் ஒரு லாரி இருந்தது. ஒன்றே ஒன்று. யாராவது அவரை லாரி முதலாளி என்று சொல்லிவிட்டால், "முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான். ரெண்டு பேருக்கும்தான் ஒத்துப்போக மாட்டேங்குது" என்பார். திண்டுக்கல் நத்தம் சாலையில், அவர் வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் அது வந்து நின்றுவிட்டால் தெருப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் மலைக்கோட்டை.

அந்த லாரியில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. பணத்தால் அல்ல, வாயால்.

2017 மார்ச் 29-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. பாரத் மூன்றாம் தர என்ஜின் வைத்த வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது. அப்போது நாடு முழுவதும் விலைபோகாமல் நின்ற அப்படிப்பட்ட வண்டிகள் 8 லட்சத்துக்கு மேல். லாரி முதலான வியாபார வண்டிகள் மட்டும் 96 ஆயிரத்துக்கு மேல். இரண்டு நாளில் தள்ளியாக வேண்டும். ஆடித் தள்ளுபடியில் புடவை விற்பதுபோல் வண்டி விற்றார்கள். இருபது வருஷம் பிறர் லாரி ஓட்டிய மாமா, 30-ஆம் தேதி இரவு என்னிடம் வந்து, "எடுக்கலாமா மாப்ளே?" என்று கேட்டார். கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன் நான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பத்திரிகை படித்து அபிப்பிராயம் சொல்லும் உத்தியோகம் என்னுடையது. "எடுங்க மாமா. என்ஜின் என்ன வாழைப்பழமா, ஏப்ரல் ஒண்ணாம் தேதி அழுகிப் போறதுக்கு?" என்றேன். ஜாமீன் கையெழுத்தும் போட்டேன். நாமக்கல்லில் பாடி கட்டி, பின்பக்கத்தில் தம் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார்.

இந்த மூன்றாம் தரம், நான்காம் தரம் என்பதெல்லாம் புகையின் கணக்கு. மூன்றாம் தரத்து லாரி என்ஜின் ஒரு யூனிட் வேலைக்கு 0.10 கிராம் வரை கரித்தூள் விடலாம். 2020 ஏப்ரலில் வந்த ஆறாம் தரத்துக்கு 0.01 கிராம்தான். பத்தில் ஒரு பங்கு. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே சொல்லியாயிற்று. அந்தப் புகையை முதலில் குடிப்பவன் டிரைவர்தான் என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாமா பீடியைத் தொட்டவர் அல்லர். அவர் இருமல் எங்கள் தெருமுனையிலேயே கேட்கும்.

இன்னொரு சமாசாரமும் உண்டு. 2010-இல் இந்த நாட்டில் இரண்டு விதமான டீசல் விற்றது. டில்லி, சென்னை போன்ற 13 நகரங்களுக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகம் உள்ள நல்ல டீசல். திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கு 350 பங்கு உள்ளது. தேசம் முழுதும் சுற்றுகிற லாரி எங்கும் ஊற்றிக்கொள்ள வேண்டுமே? ஆகவே நெடுந்தூர லாரிகளுக்குப் பழைய என்ஜினையே வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நல்ல டீசல் எல்லா ஊருக்கும் வந்து சேர 2017 ஆயிற்று. பந்தியில் நமக்கு எப்போதும் கடைசி இலை.

இது எனக்குத் தெரிந்திருந்தும், டில்லிப் புகையைப் பற்றி ஒருமுறை எழுதியபோது, பழைய லாரிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டால் பாதி வியாதி தீரும் என்று எழுதிவிட்டேன். எழுத்தில் லாரி என்று வரும்போது மாமாவின் லாரி ஞாபகம் வரவில்லை.

2025 நவம்பர் 1-ஆம் தேதி நான் கேட்டது நடந்தது. டில்லியில் பதிவாகாத, மூன்றாம் தரமோ அதற்குக் கீழோ உள்ள சரக்கு வண்டிகள் டில்லிக்குள் நுழையக் கூடாது என்று காற்றுத்தர ஆணையம் நிறுத்தியது. நான்காம் தரத்துக்கு 2026 அக்டோபர் 31 வரை தவணை. மாமா அதற்கு ஐந்து நாள் முன்பே தேங்காய் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார். திண்டுக்கல்லைத் தொட்டுப் போகிற அதே 44-ஆம் நம்பர் சாலைதான் டில்லிக்குப் போகிறது. 2,500 கிலோமீட்டருக்கு மேல். பதர்ப்பூர் எல்லையில் இரவு வண்டியைத் திருப்பிவிட்டார்கள். ஃபரீதாபாத் பக்கம் ஓரங்கட்டி, மூன்று சின்ன வண்டி பிடித்து, லோடு மாற்றி அனுப்பினார். இறக்குகூலி, ஏற்றுகூலி, சின்ன வண்டி வாடகை எல்லாம் போக, திரும்பி வர டீசலுக்கு எனக்குப் போன் செய்தார்.

வந்த மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து, "நீதான் எழுதினயாமே மாப்ளே?" என்றார். கோபமில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். உலக ஞானத்தை எடுத்து விட்டேன். ஸ்வீடனில் 1996-லேயே இப்படிச் செய்தார்கள்; லண்டனில் 2008 முதல் தகுதியில்லாத பெரிய லாரி ஒரு நாள் உள்ளே போக 200 பவுன் கட்ட வேண்டியிருந்தது; பெர்லினில் கண்ணாடியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டமாய் ஓர் ஒட்டு, 2010-க்குப் பிறகு பச்சைக்கு மட்டுமே வழி என்றெல்லாம் சொன்னேன்.

"பச்சைப் பொட்டு வச்சாத்தான் கோயிலுக்குள்ள விடுவான்னு சொல்லு. பொட்டுக்குக் காசு யாரு குடுத்தா?"

லண்டனில் சிறு வியாபாரிகள் பழைய வேனைக் கழித்துக்கட்ட 2019-இல் உதவித்தொகை கொடுத்ததைச் சொன்னேன். மாமா அதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு அவரே சொன்னார்: "டில்லியில நிப்பாட்டுனது தப்புன்னு நான் சொல்லல. குளிர்காலத்துல அங்க மூக்கச் சிந்துனா கரியா வரும். அங்கேயும் பிள்ளைக இருக்குல்ல."

உத்தரவு சரி என்றுதான் நானும் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தக் கணக்கில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள் நிலத்தடி நீரைக் கெடுத்தன. தோல் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போயிற்று. தண்ணீர் இங்கேயே நின்றது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவனே செலவு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்து, ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. அந்த ஐந்தில் திண்டுக்கல்லும் ஒன்று. அந்த நியாயம் ஷாப்பு முதலாளிக்குப் பொருந்துகிற அளவுக்கு மாமாவுக்குப் பொருந்துமா என்று யோசித்துப் பார்க்கிறேன். எந்த என்ஜினை விற்றார்களோ அதைத்தானே அவர் வாங்கினார்? கோர்ட்டு தடை போட்ட சரக்கைத் தள்ளுபடியில் வாங்கு என்று சொன்னவன் நான். அபராதத்தில் ஒரு பங்கு என் தலையில் விழ வேண்டியதுதான்.

பொங்கல் கழிந்து ஒரு புரோக்கர் வந்தார். லாரியை ஒரு கல் குவாரிக்காரர் கேட்பதாகச் சொன்னார். "இங்க ஓட்டுறதுக்கு என்ன தடை? எத்தனை வருஷம் வேணா ஓடும்" என்றார். விலை எதிர்பார்த்ததில் பாதி. கடன் அடைந்தது, என் ஜாமீனும் தீர்ந்தது. மாமா மறுபடி ஒருவரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஆறாம் தரத்து வண்டி. "டீசலோட யூரியாத் தண்ணியும் ஊத்தணும் மாப்ளே. அது தீந்துச்சுன்னா, பாலுக்கு அழுவுற பிள்ள மாதிரி நகர மாட்டேங்குது" என்கிறார். இருமல் அப்படியேதான் இருக்கிறது.

பழைய லாரி இப்போது ஜல்லி ஏற்றிக்கொண்டு தினம் நாலு தரம் எங்கள் வீட்டு வழியே போகிறது. பெண்ணின் பெயரை அழித்து வேறு பெயர் எழுதியிருக்கிறார்கள். அது திரும்பும் சத்தம் கேட்டதும் என் மனைவி ஓடிப்போய்க் கொடியில் கிடக்கும் துணிகளை எடுக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மாமா திண்ணையில் இருந்தபோது அது போயிற்று. புகை அடங்கும்வரை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, "பய ரெண்டாம் கியர்ல இழுக்குறான். பம்பு செட்டிங்கு பாக்கணும், நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார்.