நிற்பதும் நடப்பதும்: காமிராக் குவியம் குறித்துச் சில குறிப்புகள்

உலகத்துப் பொருள்களை நிலையியற்பொருள், இயங்கியற்பொருள் என இரு கூறாக்கிப் பேசுவது நம் உரையாசிரியர்களுக்குப் பழகிய வழி. மலை நிலைத்து நிற்பது, மாடு இயங்குவது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனால் அசையாச் சொத்து, அசையும் சொத்து என்று அதே பகுப்பு வேறு சட்டை அணிந்து வரும். காமிரா வாங்கியவர்களுக்கோ அது கையேட்டின் தொடக்கப் பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. படமாக்கப் போகும் பொருள் அசையுமா அசையாதா என்று காமிரா முன்கூட்டியே கேட்கிறது. நாம் தரும் பதிலைக் கொண்டே அது தன் குவியத்தை நடத்துகிறது.

நிக்கானில் ஏஎஃப்-எஸ் என்றும் கேனானில் ஒன் ஷாட் என்றும் வழங்குவது அசையாதவற்றுக்கு உரியது. பொத்தானைப் பாதி அழுத்தியதும் குவியம் ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும். விரலை எடுக்கும்வரை மாறாது. ஏஎஃப்-சி என்றும் ஏஐ சர்வோ என்றும் வழங்குவது அசைவனவற்றுக்கு உரியது. விரல் அழுத்தியிருக்கும்வரை குவியம் பொருளின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். (இந்த ஏஐ, இன்று எல்லார் வாயிலும் புழங்கும் அதே செயற்கை நுண்ணறிவின் சுருக்கந்தான். கேனான் அப்பெயரை 1980களின் இறுதியிலேயே காமிராவுக்குச் சூட்டிவிட்டது.) இரண்டுக்கும் நடுவே, பொருள் அசைகிறதா என்று தானே பார்த்து மாறிக்கொள்ளும் மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. முடிவெடுக்கத் தயங்குவோருக்காக அமைத்திருக்கிறார்கள் போலும். அது யோசிக்கும் நேரத்தில் படம் போய்விடுகிறது என்பது எங்கள் அனுபவம்.

எங்கள் என்றது ஒரே கல்லூரியில் பணிபுரியும் மூவரை. இருவர் தமிழ்த்துறை, ஒருவர் இயற்பியல். காமிராவும் இரண்டு லென்சுகளும் பங்கிட்டு வாங்கியவை. விடுமுறை நாள்களில் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் கண்மாய்க் கரைகளுக்கும் போய்வருவோம். படம் நன்றாக அமைந்தால் தமிழ்த்துறையின் ரசனை என்போம். அமையாவிட்டால் இயற்பியலின் பொறுப்பு.

அசையாப் பொருளுக்குக் கீழக்குயில்குடிச் சமணர்மலையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இருக்க முடியாது. பேச்சிப்பள்ளத்துப் பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அங்கேயே இருப்பவர்கள் நமக்காகவா நகரப் போகிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் உச்சிவெயிலில் அந்த எழுத்துகளின்மேல் காமிராவை நீட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் உருண்டு, எதையும் பிடிக்காமல் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

இதன் காரணத்தை இயற்பியல் நண்பர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "காமிராவுக்குப் பொருள் தெரியாது சார், விளிம்புதான் தெரியும்." லென்சின் ஒரு பக்கத்து ஒளியையும் எதிர்ப்பக்கத்து ஒளியையும் தனித்தனியே பெற்று, இரண்டு பிம்பங்களும் பொருந்துகின்றனவா என்று உணரி பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால், எந்தத் திசையில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதும் அந்த விலகலிலிருந்தே தெரிந்துவிடும். பொருத்திப் பார்க்க ஒரு கோடு வேண்டும், இருளும் ஒளியும் சந்திக்கும் ஓர் எல்லை வேண்டும். மழையும் காற்றும் தேய்த்த பாறையில் நேர்வெயில் விழும்போது அந்த எல்லை இருப்பதில்லை. வெயில் சாய்ந்து பாறையை உராய்ந்து செல்லும் வேளையில் எழுத்தின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நிழல் முளைக்கும். அப்போது குவியப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்து அந்த நிழலின் ஓரத்தில் வைத்தால், தேடலே இல்லாமல் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கல்வெட்டு ஆய்வாளர்களும் சாய்வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்தைப் படிப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் காமிராவின் கண்ணுக்கும் அவர்கள் கண்ணுக்கும் வேறுபாடில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு, அது பாறையினுடையது அன்று. ஐம்பது மில்லிமீட்டர் லென்சின் துளையை எஃப் 1.8 வரை திறந்துவைத்து, அறுபது சென்டிமீட்டர் தொலைவிலிருந்து ஓர் எழுத்தை எடுப்பதாகக் கொள்வோம். எங்கள் காமிராவின் சிறிய உணரியில் அங்கே தெளிவின் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். குவியத்தைப் பூட்டிவிட்டு, படத்தின் அமைப்புக்காகச் சற்றுச் சாய்ந்தால் போயிற்று. நின்றுகொண்டிருக்கும் மனிதர் மூச்சு விடும்போதே அவ்வளவு அசைவார். கல் அசையவில்லை, நாம் அசைகிறோம். அசையாப் பொருள் என்று காமிராவுக்கு நாம் கொடுத்த வாக்குமூலத்தில் நம்மைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். முக்காலி இருந்தால் பூட்டும் முறை போதும். வெறுங்கையோடு நெருங்கி எடுக்கும்போது, கல்லேயானாலும் தொடர்முறைதான் எங்களுக்கு உதவியிருக்கிறது.

இனி அசைவன. தொடர்முறையில் காமிரா செய்வது வெறும் பின்தொடர்தல் அன்று, முன்கணிப்பு. அடுத்தடுத்து அளந்த தொலைவுகளைக் கொண்டு, ஷட்டர் திறக்கும் கணத்தில் பொருள் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு அங்கே குவியத்தை முன்னதாகக் கொண்டுபோய் வைக்கிறது. மதுரையில் நகரப்பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும். பேருந்து இருக்கும் இடத்தை நோக்கி எவரும் ஓடுவதில்லை, அது வந்து வேகம் குறைக்கும் இடத்தை நோக்கித்தான் ஓடுகிறார்கள். குறுக்காக ஓடும் பொருள் காமிராவுக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. தொலைவு அதிகம் மாறாது. நேரே நம்மை நோக்கி வருவதுதான் கடினம். நெருங்க நெருங்க லென்ஸ் திரும்ப வேண்டிய வேகமும் கூடிக்கொண்டே போகும்.

சித்திரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் காட்சி இதற்கு நேர்மாறான சோதனை. வாகனம் விரைவதில்லை, மிதந்து வருகிறது. வேகம் அங்கே பிரச்சினையே இல்லை. நடுவில் வருபவைதான் பிரச்சினை. தோல்பையிலிருந்து பீய்ச்சும் நீர்த்தாரை, உயரும் கைகள், விசிறிகள், இப்போது போதாக்குறைக்குச் செல்பேசிகள். தானாகவே புள்ளியைத் தேர்ந்துகொள்ளும்படி விட்டால், காமிரா பெரும்பாலும் தனக்கு அருகில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். அழகரை எடுத்து வந்து பார்த்தால், வெளிச்சத்தில் தெறித்த நீர்த்துளிகள் முத்து முத்தாகத் தெளிந்திருக்க, அழகர் பின்னால் பொன்மூட்டமாக இருப்பார். அதுவும் ஓர் அழகுதான் என்று தமிழ்த்துறை வாதாடலாம்.

இந்த இடையூற்றுக்கென்றே காமிராவில் ஓர் அமைப்பு இருக்கிறது. பட்டியலின் ஆழத்தில் கிடப்பதால் பலர் அதைத் தொடுவதில்லை. தொடர்ந்துகொண்டிருக்கும் பொருளுக்கு முன்னே வேறொன்று வந்தால் உடனே அதற்குத் தாவ வேண்டுமா, சற்றுப் பொறுத்திருக்க வேண்டுமா என்பதை அதில் தீர்மானிக்கலாம். பந்தயத்தில் ஒருவரை விட்டு ஒருவரைப் பிடிக்க வேண்டியவர்க்குத் தாவல் வேண்டும். கூட்டத்தின் நடுவே ஒன்றையே பற்றிக்கொண்டு நிற்க வேண்டியவர்க்குப் பொறுமை வேண்டும். நம் ஊர்த் திருவிழாக்கள் அனைத்தும் இரண்டாம் வகை.

ஜல்லிக்கட்டைப் படமாக்குவது என்றதும், இங்கே வரும் வாசகர்களுக்கு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நினைவுக்கு வரும். செல்லப்பா எழுத்தில் மட்டுமன்றிக் காமிராவிலும் ஜல்லிக்கட்டைப் பிடித்தவர். அவர் அக்குறுநாவலை எழுதிய நாளில் தானியங்கிக் குவியம் என்ற ஒன்றே கிடையாது. அது விற்பனைக்கு வந்ததே 1977இல், கோனிகா சி35 ஏஎஃப் என்ற சிறு காமிராவில். மினோல்டா 7000 வந்து, லென்ஸ் மாற்றும் காமிராக்களில் அது நிலைபெற்றது 1985இல். அதற்கு முன் வளையத்தைக் கையால் திருப்பி ஓரிடத்தில் தெளிவை வைத்துவிட்டு, பொருள் அங்கே வரும்வரை காத்திருப்பதே வழி. கண்ணி வைத்துக் காடை பிடிப்பது போன்றது. பழைய முறை என்று ஒதுக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அது கைகொடுத்தது.

அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வரும் எங்கள் மாணவர் ஒருவர் 2024 தையில் ஒரு வேண்டுகோளோடு வந்தார். அவர் வீட்டுக் காரிக்காளைக்கு அதுவே கடைசி ஆண்டு, வயதாகிவிட்டது. கன்றாக வாங்கியது 2013இல். மறு ஆண்டே உச்ச நீதிமன்றத் தடை வந்தது. தீனிக்கு வழியில்லை, அடிமாட்டுக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, கூடாது என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டவர் அவருடைய அப்பத்தா. 2017இல் போராட்டத்தின் பின் சட்டத்திருத்தம் வந்து வாடி திறந்தது முதல் காளை களம் கண்டுவந்தது. அப்பத்தா ஒருமுறைகூட அதைக் களத்தில் பார்த்ததில்லை. அவரைக் காண வீட்டுக்குப் போனோம்.

"டிவியில பார்க்குறேன் வாத்தியாரய்யா. முதுகும் வாலுந்தான் தெரியுது. பிடிக்க வர்ற பயலுக மூஞ்சி எனக்கு எதுக்கு? எம்மாட்டு மொகம் தெளியணும். அது வாசல்ல வந்து நிக்கயில எப்படிப் பார்க்குதுன்னு எனக்குத் தெரியணும்."

இதைவிடத் துல்லியமாக ஒரு குவியக் குறிப்பை எந்தக் கையேடும் எங்களுக்குத் தந்ததில்லை. சிக்கல்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. காளை கருப்பு, வாடிவாசல் நிழல். கருப்பின்மேல் நிழல் விழுந்தால் விளிம்பு ஏது? வெளியே மாடுபிடி வீரர்கள் பளிச்சிடும் வண்ணப் பனியனில் நிற்பார்கள், அவ்வளவும் காமிராவுக்குப் பிடித்தமான விளிம்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் காளை வாடியைவிட்டு நேரே ஓடிவிடும் வகையன்று. நின்று விளையாடும் மாடு. வந்து நிற்கும், பார்க்கும், சுற்றும், மறுபடி நிற்கும், திடீரென்று பாயும். உரையாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினால் எந்தக் கூற்றில் சேர்ப்பாரோ தெரியாது.

(விலங்குகளைத் தானே அடையாளம் கண்டு கண்ணைப் பற்றிக்கொள்ளும் காமிராக்கள் வந்துவிட்டனவே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். 2022இல் வந்த கேனான் ஆர்6 மார்க் 2 காமிராவின் பட்டியலில் நாய், பூனை, பறவையோடு குதிரைக்கும் இடம் கிடைத்தது. காளைக்கு இல்லை. அழகரின் தங்கக் குதிரையை அது குதிரையாக ஒப்புக்கொள்ளுமா என்பதை ஒரு சித்திரையில் பார்க்க வேண்டும். எங்களுடையது அதற்கெல்லாம் மூத்த, கண்ணாடி எழும்பி விழும் காமிரா.)

மூன்று மாலைகள் விவாதித்துச் சில முடிவுகளுக்கு வந்தோம். தொடர்முறை. நடுப்புள்ளியும் அதைச் சூழ்ந்த சில புள்ளிகளும் மட்டும். குறுக்கீடு வந்தால் பொறுத்திருக்கும் அமைப்பு, அதன் கடைசி எல்லையில். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, குவியத்தை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துக் காமிராவின் முதுகில் இருக்கும் ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு மாற்றியது. கட்டைவிரல் அழுத்தியிருந்தால் குவியம் தொடரும். எடுத்துவிட்டால் இருந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஆள்காட்டி விரலுக்குப் படமெடுக்கும் வேலை மட்டும். நிற்குமா ஓடுமா என்று முன்கூட்டி வாக்குமூலம் தரவேண்டிய கட்டாயம் இதனால் நீங்கிவிடுகிறது. மாடு நின்றால் விரல் எழும், மாடு கிளம்பினால் விரல் அமரும். பழகச் சில வாரங்கள் ஆகும் என்பார்கள். எங்களுக்குத் தெருநாய்களின் புண்ணியத்தில் பத்து நாளில் கைவந்தது.

அன்று பார்வையாளர் மேடையில் நின்றது வாடிவாசலுக்கு எதிர்ச்சாய்வில், ஏறத்தாழ இருபது மீட்டர் தொலைவில். முந்நூறு மில்லிமீட்டரில், எஃப் 5.6இல், அந்தத் தொலைவில் தெளிவின் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மீட்டர் அளவு. நொடிக்கு எட்டு மீட்டர் பாயும் காளை அதைக் கடக்க ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும். முந்தைய மாடுகள் வரும்போதே வாசலின் மரத்தூணில் குவியத்தை வைத்து விரலை எடுத்துவிட்டோம், செல்லப்பா காலத்துக் கண்ணிதான். கருப்பில் விளிம்பு தேட வேண்டாம் என்பதற்காக, காளையின் நெற்றியில் சந்தனத்தை அகலமாக இட்டு நடுவில் குங்குமம் வைக்கும்படி மாணவரிடம் முன்னதாகவே சொல்லியிருந்தோம். "அப்பத்தா எப்பவும் அப்படித்தான் வைக்கும் ஐயா" என்றார்.

ஒலிபெருக்கியில் பெயர் வந்தது. காரி தூணருகே வந்து, சொன்னபடியே நின்றது. முதல் நான்கு படங்கள் அந்தக் கணத்தவை, விரல் எழுந்தபடியே எடுத்தவை. தலை தாழ்ந்தபோது விரல் அமர்ந்தது. பாய்ச்சலில் பதினொரு படங்கள். ஐந்தாவதில் நீலப் பனியன் ஒன்று முகத்தைக் குறுக்காகக் கடக்கிறது. காமிரா பனியனுக்குத் தாவாமல் பொறுத்திருந்து, ஆறாவதில் சந்தனத்தை மீண்டும் பற்றியிருக்கிறது. இயற்பியல் நண்பருக்கு அந்த ஐந்தும் ஆறுந்தான் அன்றைய வெற்றி. வகுப்பில் காட்டுவதற்கு எடுத்துக்கொண்டார். மாணவருக்கு ஒன்பதாவது பிடித்திருந்தது. நான்கு காலும் தரையில் இல்லை, திமிலில் எவர் கையும் இல்லை.

படங்களை மடிக்கணினியில் அப்பத்தாவுக்குக் காட்டினோம். பாய்ச்சல் படங்களை வேகமாகத் தள்ளச் சொல்லிவிட்டு, மூன்றாவதிலேயே நின்றார். காளை தூணுக்கு அருகில் நின்று, கூட்டத்தைப் பார்க்காமல், சற்று வலப்புறமாகப் பார்க்கும் படம். கண்ணில் வெளியே இருக்கும் வெளிச்சம் ஒரு புள்ளியாக விழுந்திருக்கிறது.

"கயித்த அவுத்துட்டுப் போனவனத் தேடுது" என்றார். "பயப்படல பாருங்க."

பிறகு, இதைப் பெரிதாகப் போட்டுத் தர எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அதெல்லாம் வேண்டாம் அப்பத்தா என்றோம். காளை அப்போது தொழுவத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.