ஏழு எழுத்து, பன்னிரண்டு துண்டு

காங்கேசன்துறை என்று எழுத ஏழு எழுத்துப் போதும். அதையே விளக்குப் பூட்டிய எழுத்தாக்கிக் கட்டட முகப்பில் ஏற்றுவதானால் பன்னிரண்டு துண்டுகள் வெட்டவேணும். அரவு தனி, கொம்பு தனி, புள்ளி இரண்டும் தனித்தனி. ஆங்கிலத்தில் 'கேகேஎஸ்' என்று போட்டால் மூன்றோடு அலுவல் முடிந்துவிடும். சுன்னாகத்துப் பட்டறையில் மேசையில் பரப்பிக் கிடந்த துண்டுகளைத் தொட்டுக் காட்டியபடி மூத்த தொழிலாளி சொன்னார்: "தமிழ்ப் போட்டுக்கு நான் எழுத்துக் கணக்கில காசு சொல்லுறேல்ல தம்பி. துண்டுக் கணக்குத்தான்."

இவற்றில் கஷ்டமானது புள்ளி. ஒன்றரை அடி எழுத்துக்குப் புள்ளி மூன்று அங்குல வட்டம். உள்ளே 12 வோல்ற் எல்ஈடி ஒன்றுதான் கொள்ளும். மற்ற எழுத்தில் ஒரு விளக்குச் செத்தாலும் பக்கத்தது ஒப்பேற்றும். புள்ளியில் செத்தால் 'ங்' அன்றிரவே 'ங' ஆகிவிடும். உதவிக்கு நின்ற பெடியன் வயர் பொருத்தின இடத்தில் சிலிக்கனைப் பிதுக்கி, விரலால் அழுத்தி, வட்டத்தின் அடியில் நுணுக்கமாக இரண்டு துளை போட்டான். "மழைக்கு ஓட்டை வைக்கிறியளோ?" என்று கேட்டேன். "தண்ணி எப்பிடியும் உள்ளுக்க வரும் அண்ணை. வந்தது வெளியால போகவேணுமெல்லே!"

முகப்புத் தகடு பெரிய வித்தையில்லை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையில் பிளாஸ்ரிக். பின்புறம் 'வி' வடிவில் காடி கீறினால் கையாலேயே மடிக்கலாம். வித்தை இருப்பது முதுகுச் சட்டத்தில். நாகம் பூசிய இரும்புக் குழாயை வெல்டிங் செய்யும்போது ஒட்டின இடத்து நாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போகிறது. அதைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் குளிர் வரும். நாகம் போன இடத்தில்தான் கறளும் தொடங்கும். இங்கே அந்த இடங்களைத் தேய்த்து, நாகப் பெயின்ற் அடித்து, குழாயின் திறந்த வாய்களையும் மூடிவிடுகிறார்கள். இதைச் செய்யாத பட்டறைகளும் உண்டு. போட் ஏறிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

பின்னேரம் லொறியோடு காங்கேசன்துறைக்குப் போனோம். 1990இல் சனம் இடம்பெயர்ந்து, சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றுபோன ஊர். கால் நூற்றாண்டாகக் கடைப் பெயர் எழுத ஒரு தேவையும் இருக்கவில்லை. 2015 ஜனவரி 2ஆம் திகதி ரயில் திரும்ப வந்தது. 2023 ஒக்ரோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. படையினர் வசமிருந்த காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட, புதுக் கட்டடங்கள் எழும்புகின்றன. கட்டடத்துக்கு ஒரு பெயர் வேண்டும்தானே. பழைய கடைகளில் பெயரையும் ஆண்டையும் சீமெந்திலேயே புடைப்பாக வைத்துக் கட்டுவார்கள். சுவர் நிற்கும்வரை பெயரும் நிற்கும். இன்றைய போட்டுக்கு அந்த ஆயுள் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

காரணம் கடல். இங்கே கடல் வடக்கில். வாடை பிடித்தால் உப்பு நேரே முகப்புக்கு வரும். அலுமினியத்தில் இரும்பு ஆணி அடித்தால், இடையில் உப்பு ஈரம் புகுந்து ஒன்று மற்றதைத் தின்னத் தொடங்கும். ஸ்ரெயின்லெஸ் என்று வாங்கினாலும் 304 ரகம் கடற்கரையில் தேயிலைச் சாயம்போலக் கறை பிடிக்கும். 316இல் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் தாங்கும்; விலைதான் கூட. "ஆணிக்கு இவ்வளவோ எண்டு கேட்டு முறைக்கினம்," என்றார் மூத்தவர்.

அடுத்தது காற்று. 100 கிலோமீற்றர் வேகத்தில் நேரே மோதினால் 20 அடிக்கு 4 அடிப் போட்டில் சுமார் 350 கிலோ அழுத்தம் விழும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. அவ்வளவையும் பிடித்து நிற்கவேண்டியது சுவர். சுவரோ உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்; துளையில் போட்ட போல்ற் பிடிமானமில்லாமல் சும்மா சுற்றியது. மூத்தவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவரை ஊடுருவத் துளைத்து, உட்புறம் இரும்புத் தகடு வைத்து நட்டை முறுக்கினார். முதலாளிக்கு உள்சுவரில் தகடு தெரிவது பிடிக்கவில்லை. "அப்ப வேற ஆளைப் பாருங்கோ ஐயா," என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு முறுக்கிக்கொண்டே இருந்தார். முதலாளி பிறகு பேசவில்லை.

இவ்வளவு கவனமான மனிதர் ஏணி உச்சியில் இடுப்புப் பட்டி இல்லாமல் நின்றார். விலைப்பட்டியலில் அதற்கு ஒரு வரியும் இல்லை; போட்டவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. போட்டின் ஆணியைவிட ஆளின் பிடிமானம் மலிவாகப் போயிருக்கிறது. இதில் பட்டறைக்கும் பங்குண்டு, கடைக்காரருக்கும் பங்குண்டு.

இந்தக் கரையில் கடை திறக்க இருப்பவர்களிடம் கேட்கிறேன்: போட் ஏறமுதல் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஆணி என்ன ரகம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏறுகிற ஆளின் பட்டிக்கும் விலைப்பட்டியலில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்தக் காசில் பேரம் பேசாதீர்கள்.