கல்கால் பந்தலும் மூணு பாட்டிலும்

கவாத்து முடிஞ்சு பத்து நாளாச்சு. துளிர் எட்டிப் பாக்குது. செவட்டை விழுந்துடாம இருக்க மருந்தும் அடிச்சாச்சு. தோட்டத்துல கையைக் கட்டிட்டு உக்காருற நாள் வருஷத்துல கொஞ்சம்தான், அதுல இன்னிக்கு ஒண்ணு. ரொம்ப நாளா எழுதலாமா வேண்டாமான்னு தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை எழுதிடுறேன். வீட்டம்மாகிட்ட கேட்டேன். "எழுதுங்க, நடந்ததுதானே"ன்னு சொல்லிட்டா.

மகள் பிரசவத்துக்காக நாங்க ரெண்டு பேரும் ஸ்பெயின் போயிட்டு வந்தது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். மருமகனுக்கு வேலை லோக்ரோனியோங்கிற ஊர்ல. எப்ரோ ஆத்தங்கரையில இருக்கு. எங்க ஊருக்கு முல்லைப் பெரியாறு மாதிரி அவங்களுக்கு எப்ரோ. அது ரியோஹா ஒயின் நாட்டுக்குத் தலைநகர்னு அங்க போய்த்தான் எனக்குத் தெரிஞ்சது. ஊரைத் தாண்டினா எந்தப் பக்கம் பார்த்தாலும் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்குல இருந்து போனவனுக்கு வேற என்ன வேணும்?

இதுல ஒரு சிக்கல். இருபத்தஞ்சு வருஷமா பன்னீர் திராட்சை போடுறேன், ஒயினை வாயில வச்சதில்லை. ஒயின் மட்டுமில்ல, எதையும். அதுக்குக் காரணம் வீட்டம்மா.

நிச்சயம் பண்ண அன்னிக்கு அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நகை போடுங்க, போடாம இருங்க. குடிச்சிட்டு மட்டும் வீட்டுக்கு வரக்கூடாது." என் மாமனார் நல்ல மனுஷன்தான். ஆனா ஒன்றரை ஏக்கர் நன்செய் சாராயக் கடனுக்குப் போச்சு. சொந்த வயலா இருந்த இடத்துலயே என் மாமியார் கூலிக்குக் களை எடுத்தாங்க. அதை ஏழு வயசுல வரப்புல உக்காந்து பார்த்தவ இவ. நான் சரின்னு சொன்னேன். சொன்னபடி இருந்தேன், லோக்ரோனியோ போற வரைக்கும்.

பிள்ளை பிறந்து ஒரு மாசம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மருமகன் என்னை லாகுவார்தியா பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பந்தல் இல்லை, கம்பி இல்லை, கல்கால் இல்லை. முட்டி உயரத்துக்கு ஒரு கட்டை, அதுல நாலஞ்சு கை விரிஞ்சு நிக்குது, கவுத்து வைக்காத குவளை மாதிரி. அவங்களும் அதுக்குக் குவளைங்கிற பேருதான் வச்சிருக்காங்க, 'வாசோ'ன்னு. சொட்டுநீர் எங்கன்னு தேடினேன். அந்தத் தோட்டம் முழுக்க மானாவாரி.

தோட்டக்காரருக்கு என் வயசுதான் இருக்கும். ரியோஹாங்கிற பேருல சிவப்பு ஒயின் செய்யணும்னா ஹெக்டேருக்கு 6500 கிலோவுக்கு மேல பழம் எடுக்கக்கூடாதுன்னு விதி இருக்குன்னு சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்க, ஏக்கருக்கு ரெண்டரை டன் சொச்சம், அதுவும் வருஷத்துக்கு ஒரே காய்ப்பு. நான் ஒரு காய்ப்புக்கே எட்டு டன் எடுக்கிறவன், வருஷத்துல ரெண்டு தடவை. "அப்புறம் எப்படிப் பொழைக்கிறீங்க?"ன்னு கேட்டேன். மருமகன் மொழிபெயர்த்ததும் அவர் சிரிச்சார். "கொஞ்சமா காய்ச்சாதான் காரியம் நடக்கும்"னாராம். பழத்தைக் கடிச்சுப் பார்த்தேன். சின்னப் பழம், தடிச்ச தோலு, உள்ள கொட்டை, நாக்குல ஒட்டுற இனிப்பு. நம்ம பழம் பிரிக்ஸ் மீட்டர்ல 16, 17 காட்டும். அது 22, 24 வந்த பிறகுதான் வெட்டுவாங்களாம். அந்தச் சர்க்கரைதான் புளிச்சு சாராயச் சத்தா மாறுது. ரகத்துப் பேரு டெம்ப்ரானியோ. 'தெம்ப்ரானோ'ன்னா அவங்க பாஷையில 'சீக்கிரம்'. முந்திப் பழுக்கிறதால அந்தப் பேரு.

அதுக்கப்புறம் கீழ குகை மாதிரி ஒரு நிலவறைக்குக் கூட்டிட்டுப் போனார். வரிசையா 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்கள். ஒரு குழாயை விட்டு உறிஞ்சி ஒரு கிளாஸ்ல ஊத்தி நீட்டினார். நீட்டுறவரும் விவசாயி. நான் வாங்கினேன். ஒரு மடக்குக் குடிச்சேன்.

இனிப்பே இல்லைங்க! திராட்சையில இருந்து வந்தது இனிக்கும்னு நினைச்சிருந்தேன். கடுக்காயைக் கடிச்ச மாதிரி ஈறுல ஒரு துவர்ப்பு. அப்புறம் மெதுவா பழத்தோட வாசம், பின்னாடி மரத்தோட வாசம். இருபத்தஞ்சு வருஷமா ஒரு பிள்ளையை வளர்த்து, அது பாடுற பாட்டை அன்னிக்குத்தான் கேட்ட மாதிரி இருந்துச்சு. இன்னொரு மடக்கும் குடிச்சேன்.

வீட்டுக்கு வந்து வீட்டம்மாகிட்ட சொல்லலை. கேட்டப்ப "தோட்டம் நல்லா இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம், ஆவணி முடியிறதுக்குள்ள எங்க கல்யாண நாள் வந்துச்சு, இருபத்தஞ்சாவது. மகள் ஒரு ஏற்பாடு சொன்னா. "நாங்க பிள்ளையைத் தூக்கிட்டு சிநேகிதர் வீட்டுக்குப் போயிட்டு ராத்திரி பத்து மணிக்கு வர்றோம். நீங்க ரெண்டு பேரும் உக்காந்து நிம்மதியா சாப்பிடுங்க. மெழுகுவத்தி, நல்ல தட்டு, ஒரு ஸ்பெயின் ஒயின். ரொமாண்டிக்கா இருக்கும்பா!" தாத்தா பாட்டி ஆன பிறகு என்ன ரொமாண்டிக்? எனக்குக் கூச்சமாப் போச்சு. வீட்டம்மா எதுவும் பேசலை. மகள் அந்தப் பக்கம் போனதும் நான் வாயைத் திறந்தேன். "அன்னிக்குத் தோட்டத்துக்குப் போனப்ப..."

"தெரியும். சட்டையைத் துவைச்சது நான்தானே."

நான் தலையைக் குனிஞ்சேன்.

"ரெண்டு மடக்குக் குடிச்சதுல ஒண்ணுமில்லைங்க. விவசாயி, பார்க்கணும்னு தோணும். ஆனா ஒரு வாரமா சொல்லாம இருந்தீங்க பாருங்க. எங்கப்பாவும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு."

அவ அழலை, சத்தம் போடலை. பிள்ளைத் துணியை மடிச்சுக்கிட்டே சொன்னா. இத்தனை வருஷத்துல அவ எத்தனையோ திட்டியிருக்கா. இது மாதிரி எதுவும் உறைச்சதில்லை.

ஒயினும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு நான் சொன்னேன். மறுநாள் காலையில அவளே, "வாங்க கடைக்குப் போவோம். வாங்குறதா இருந்தா என் முன்னாடி வாங்குங்க"ன்னா.

கடைக்காரர் வயசானவர். மகள் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு மொழிபெயர்த்தா. எவ்வளவு விலையில வேணும்னு அவர் கேக்கலை. வீட்டம்மாவைப் பார்த்து, "நீங்க என்ன சமைக்கப் போறீங்க?"ன்னுதான் கேட்டார். அவ முகம் கொஞ்சம் இளகுச்சு. மீன் வறுவல், ஆட்டுக்கறி மிளகுச் சுக்கா, சோறு, கடைசியில கேசரின்னு வரிசையாச் சொன்னா. அவர் காகிதத்துல எழுதிக்கிட்டார். நீங்க யாராவது வாங்குறதா இருந்தா உதவும்னு அவர் சொன்னதை அப்படியே தர்றேன்.

மீனுக்கு வெள்ளை ஒயின், அல்பரீனியோங்கிற ரகம். ஸ்பெயினோட வடமேற்கு மூலையில, கடலோரம், கலீசியாவுல விளையுது. எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி ஒரு புளிப்பு இருக்கும், நல்லாக் குளிர வச்சுக் குடிக்கணும். சுவர்ல அந்த ஊர்த் தோட்டத்துப் படம் ஒண்ணு மாட்டியிருந்தார். அதைப் பார்த்து நான் அப்படியே நின்னுட்டேன். கருங்கல் கால், மேல பந்தல், தலைக்கு மேல கொத்துக் கொத்தாத் தொங்குற காய்! நம்ம ராயப்பன்பட்டியில எடுத்த படம்னு சொன்னா நம்பிடுவீங்க. அங்க மழையும் ஈரமும் அதிகம். காத்தோட்டம் இருந்தாதான் பூஞ்சாணம் பிடிக்காது. அதனால உயரப் பந்தல். நமக்குச் செவட்டை மாதிரி அவங்களுக்கும் அதே கஷ்டம்தான்.

கறிக்குச் சிவப்பு. ரியோஹா பாட்டில்ல பின்பக்கம் ஒட்டியிருக்கிற சின்னச் சீட்டோட கலரைப் பாருங்கன்னார். பச்சைன்னா பெரும்பாலும் புதுசு. சிவப்புன்னா 'கிரியான்சா', ரெண்டு வருஷம் வச்சது, அதுல ஒரு வருஷமாவது பீப்பாயில. கருஞ்சிவப்புன்னா 'ரெசெர்வா', மூணு வருஷம். நீலம்னா 'கிரான் ரெசெர்வா', அஞ்சு வருஷம், அதுல ரெண்டு வருஷம் பீப்பாயில. வயசு கூடக்கூட விலை கூடும். ஆனா வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிரியான்சாவே போதும்னு சொல்லி ரெசெர்வாவைத் திரும்ப அலமாரியில வச்சிட்டார். விலை கூடுனதைத் திருப்பி வைக்கிற வியாபாரியை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். இன்னொண்ணும் சொன்னார்: மிளகாய்க் காரம் தூக்கலா இருந்தா சிவப்பு ஒயினோட துவர்ப்பும் சாராயச் சத்தும் சேர்ந்து வாய் இன்னும் எரியும். அதனால மிளகாயைக் குறைச்சுக்கோங்க. வீட்டம்மா தலையாட்டினா.

கேசரிக்கு, தெற்கே மாலகாவில இருந்து ஒரு சின்னப் பாட்டில், மொஸ்கடெல். இனிப்புப் பலகாரத்தை விட ஒயின் இனிப்பா இருக்கணும், இல்லைன்னா ஒயின் புளிச்ச மாதிரி தெரியும், அதனால கேசரிக்குச் சர்க்கரை கம்மியாப் போடச் சொன்னார். மூணும் சேர்ந்து 28 யூரோ. வெளிய வந்ததும் வீட்டம்மா ரூபாயாக்கிக் கேட்டா. பன்னீர் கிலோ முப்பதுக்குப் போன நாளை நினைச்சுக்கிட்டேன். எண்பது கிலோவுக்கு மேல வருது.

அன்னிக்கு ராத்திரி மகள் சொன்ன மாதிரியே மெழுகுவத்தி ஏத்தி உக்காந்தோம். முதல்ல ரெண்டு பேருக்குமே கை கால் வரலை. இருபத்தஞ்சு வருஷத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்து சாப்பிட்டது குறைவுன்னு அப்பத்தான் உறைச்சுது. நான் சாப்பிட்டு எந்திரிச்ச பிறகுதான் அவ உக்காருவா. அன்னிக்கு நான் பரிமாறினேன். சோத்தைக் கீழ சிந்தினேன். அவ சிரிச்சா.

வெள்ளை ஒயினை மோந்து பார்த்தா. "எலுமிச்சங்காய்"னா. குடிக்கலை. சிவப்பை மோந்து பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டா. அந்த வாசத்தை எதிர்பார்த்துத்தான் தயங்குறான்னு எனக்குத் தெரியும். "அது இல்லை"ன்னு மட்டும் சொன்னா. நான் ஒவ்வொண்ணுலயும் கால் கிளாஸ் குடிச்சேன். சுக்காவோட அந்தச் சிவப்பு சேர்ந்தப்ப துவர்ப்பு அடங்கி நல்லாத்தான் இருந்துச்சு, அதை மறைக்கப் போறதில்லை.

கேசரி வச்சதும் மொஸ்கடெல்லைத் திறந்தேன். மூடியை எடுத்ததுமே அவ நிமிர்ந்து பார்த்தா.

"ஏங்க, இது நம்ம தோட்டம்!"

நான் மோந்து பார்த்தேன். சத்தியமா நம்ம பன்னீர் வாசம். பழம் கருக்கத் தொடங்கி, சாயங்கால நேரத்துல பந்தலுக்குக் கீழ நடந்தா வருமே, அதே வாசம். அப்புறம் மருமகன் தேடிப் பார்த்துச் சொன்னார். நம்ம பன்னீர், மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதுக்கு ஒரு பக்கத்துப் பெத்த ரகம் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. அதைத்தான் மாலகாவில மொஸ்கடெல்னு சொல்றாங்க. 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப ஊர்ல எல்லாரும் பெருமைப்பட்டோம். அதோட சொந்தக்காரங்க இங்க இருக்காங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை.

அவ கிளாஸைக் கையில எடுத்தா. நான் குடின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. ரெண்டே ரெண்டு வாய். கிளாஸைக் கீழ வச்சிட்டுக் கொஞ்ச நேரம் மெழுகுவத்தியையே பார்த்துட்டிருந்தா.

"இவ்வளவுதானா? இதுக்கா எங்கப்பா வயலை வித்தாரு?"

அவர் குடிச்சது இது இல்லைன்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன். சொல்லலை. அவ கேட்டது அது இல்லை. அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவ அப்பாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா. குடிக்காத நாள்ல தோள்ல தூக்கிட்டு வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனது, கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தந்தது. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல அவரைப் பத்தி நல்லதா அவ சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன். மகள் பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டுறப்ப நாங்க இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். மிச்சம் இருந்ததை மருமகன்கிட்ட கொடுத்துட்டோம்.

ஊருக்கு வந்த பிறகு நான் தொடலை. அவ கேட்டு இல்லை, அந்தப் பேச்சு அப்படியேதான் இருக்கு. ஆனா ஒரு மாத்தம் உண்டு. இப்பல்லாம் ராத்திரி ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுறோம். பேரன் படத்தைப் போன்ல பார்த்துக்கிட்டே.

துளிர் எட்டிப் பார்க்குதுன்னேன்ல, சாயங்காலம் ஒரு தடவை தோட்டத்துக்குப் போயிட்டு வரணும். பழம் கருக்க இன்னும் மூணு மாசம் ஆகும். வாசம் வர்ற அன்னிக்கு அவளையும் கூட்டிட்டுப் போகணும்.