சிரிக்காதவன்

2009இல் மறைமலை நகரில் ஒரே வாடகை அறையில் நாங்கள் ஐவர் குடியிருந்தோம். ஐவரும் தொழிற்சாலைப் பணியாளர்கள். ஷிப்டு மாறி மாறி வருவதால், ஒருவன் எழுந்த பாயில் சூடு ஆறுமுன் அடுத்தவன் வந்து படுப்பான்.

அவ்வாண்டு ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் சென்னையின் முதல் வானவில் பேரணி நடந்தது. செய்தியைத் தேநீர்க் கடையில் படித்துவிட்டு இரவு முழுக்க அதைச் சொல்லியே சிரித்தோம். எங்களில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. தூக்கம் வருகிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பேரணி முடிந்த நான்காம் நாள், ஜூலை 2 அன்று, வயதுவந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் தன்பாலுறவு குற்றமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையும் சிரித்தே கடந்தோம்.

சில மாதங்களில் அவன் சொல்லாமல் அறையைக் காலி செய்தான். அவனுடைய அலமாரியில் விரித்திருந்த தாளை மாற்றும்போது, அடியில் நான்காக மடித்த செய்தித்தாள் துண்டு இருந்தது. அதே பேரணிச் செய்தி. அன்று எங்களில் எவரும் பேசவில்லை.

பிறகுதான் படிக்கத் தொடங்கினோம். 1969 ஜூன் 28இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் காவல்துறை புகுந்ததை எதிர்த்து எழுந்த கலகமே இந்த ஜூன் மாதத்தின் வேர். இந்தியாவின் முதல் நடை, 1999 ஜூலை 2இல் கொல்கத்தாவில். நடந்தவர்கள் 15 பேர்தாம். 2013இல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6இல் தானே அதைத் திருத்திக்கொண்டது. சட்டம் திறந்து மூடித் திறந்த அத்தனை ஆண்டுகளிலும் சென்னையில் மக்கள் நடந்தார்கள். ‘பிரைடு’ என்பதைப் பெருமை என்றோ செருக்கு என்றோ பெயர்க்காமல், இங்கே ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’ என்றார்கள். தமிழ் மண்ணில் அச்சொல்லுக்கு உள்ள கனத்தை விளக்க வேண்டியதில்லை.

2021இல் மதுரையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் முழுப் புரிதல் இல்லையென வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவிட்டார். அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு நீதிபதிக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததை, நாங்கள் ஒரே பாயில் மாறி மாறிப் படுத்தவனிடம் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

பெருந்தொற்று ஓய்ந்தபின் ஒரு ஜூனில், எஞ்சிய நால்வரும் மின்தொடர்வண்டி ஏறி எழும்பூர் சென்றோம். மேளச் சத்தத்துக்கு நடுவே, பேரணியின் ஓரமாகவே நடந்தோம். எதிர்ப்பட்ட ஒவ்வொரு முகத்திலும் அவனைத் தேடினோம். அவன் வந்திருந்தானோ, எங்களைக் கண்டு ஒதுங்கிக்கொண்டானோ, தெரியாது. ஒதுங்கியிருந்தால் அவனைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.